தூக்குக்குண்டு அக்கா கட்டிய சுவர்

கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நடுவே அவளுக்குத் தூக்குக்குண்டு அக்கா என்று பெயர். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க மேஸ்திரிகள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டுதான் தூக்குக்குண்டு. அவளுக்கு நூலும் வேண்டாம், குண்டும் வேண்டாம். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்தபடி சாரத்தின் அடியில் வந்து நிற்பாள். ஒரு கண்ணை லேசாகச் சுருக்குவாள். "மேல் வரிசை தெருப்பக்கம் சாயுதுங்க" என்பாள். மேலே நிற்கிறவர், "நீ உன் வேலையைப் பாரு" என்பார். அவள் சட்டியை இறக்கிவிட்டு அந்தப்பக்கம் போனதும் குண்டை எடுத்துப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கல்லைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்.

மேலே நிற்கிறவர் பெரும்பாலும் அவள் வீட்டுக்காரர்தான். ஊரில் அவரை மேஸ்திரி என்று சொன்னாலே போதும். கல்யாணமான புதிதில் அவரோடு வேலைக்குக் கிளம்பியவள், பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர நிற்கவேயில்லை. அவர் கட்டுவார், அவள் சுமப்பாள். மணல் சலிப்பது, கல் நனைப்பது, கலவை போடுவது, ஏணியில் ஏறி எட்டிக் கொடுப்பது எல்லாம் அவள் பாடு. கல் வைக்கிற கொத்துக்கரண்டியை மட்டும் தொட்டதில்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டதற்கு, "வீட்ல ஒரு கரண்டி இருக்கே, அது போதாதா உனக்கு" என்றார் மேஸ்திரி. சாரத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். நல்ல பேச்சுக்காரர், சிரிக்காமல் என்ன செய்வது.

இவர்களுக்கு ஒரே மகன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வெயில் படாத வேலை. அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணோ பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே டீசல் வாசமும் கிரீஸ் கறையுமாக வருவாள். மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, பிடிக்காவிட்டால் எங்கே கோளாறு என்று மருமகள் சொல்வதைக் கதை மாதிரி கேட்பாள்.

"அவ்வளவு பெரிய வண்டியைத் தூக்கி நிறுத்தி நீ அடியில படுப்பியா? பயமா இருக்காதா?"

"முதல்ல இருந்துச்சு அத்தை. இப்ப அங்கதான் நிழலு."

ஒரே ஒரு விஷயம்தான் மாமியாரின் கண்ணில் உறுத்தியது. மருமகள் வந்ததும் பையை இறக்கமாட்டாள், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றமாட்டாள். நேரே கழிப்பறைக்கு ஓடுவாள். கிரீஸ் கழுவப் போகிறாள் போல என்று விட்டுவிட்டாள். தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுபோனது கொண்டுபோனபடி நிறைந்து திரும்புவதையும் பார்த்தாள். அங்கேயே குடிக்கத் தண்ணீர் இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டாள்.

அந்தக் கோடையில் மருமகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். மாமியார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?" என்று கேட்டார். மருமகள் கூரையைப் பார்த்தாள். "சிறுநீரை அடக்கி வச்சிருக்கே. இப்படியே போனா கிருமி சிறுநீரகம் வரைக்கும் போகும்" என்றார் டாக்டரம்மா.

வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி மாமியார் கேட்டாள். "என்னடா கண்ணு, அங்க கழிப்பறை இல்லையா?"

"ஆம்பளைங்களுக்கு ஒரு தகர மறைப்பு இருக்கு அத்தை. கதவு கிடையாது. எனக்கு எங்க போறது? பெட்ரோல் பங்குக்குப் போகணும்னா ரோட்டைத் தாண்டி அவ்வளவு தூரம். போய்ட்டு வந்தா, எங்க சுத்தப் போனேன்னு கேப்பாங்க. அதான் தண்ணியே குடிக்கறதில்லை."

மாமியார் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கட்டுகிற வீடுகளில் தானும் இப்படித்தானே காலம் பூராவும் ஓட்டினோம் என்று நினைத்தாள். பாதி எழும்பிய சுவரின் மறைவும், விடிவதற்கு முன்பான இருட்டுமாக. அது ஒரு குறை என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. மருமகள் சொல்லிக் கேட்டபோதுதான் சுரீரென்றது.

அன்று சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு எழுந்தது.

"வேலையை விட்டுடும்மா. உடம்பைவிடவா வேலை?" என்றார் மேஸ்திரி. அவர் கெட்டதாகச் சொல்லவில்லை.

மகன் முட்டையை உடைத்துக்கொண்டே, "அவளே முடிவு பண்ணட்டும்பா" என்றான்.

மருமகள் தட்டைத் தள்ளி வைத்தாள். "மாமா, பொம்பளைங்க நாலு பேர் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தோம். மத்த மூணு பேரும் இதே காரணத்துக்குத்தான் நின்னாங்க. வெளிய சொல்லக் கூச்சம், வீட்ல சரியில்லைன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? பொம்பளைங்களுக்கு இந்த வேலை தாங்காதுன்னாரு. நானும் போய்ட்டா, பாத்தியா நான் சொன்னேன்லன்னு ஆயிடும். அப்புறம் எவளையும் எடுக்கமாட்டாங்க."

மாமியார் எழுந்து ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தாள். "முதல்ல இதைக் குடி. நாளைக்கு நான் உன்னோட வரேன்."

பணிமனை மேனேஜர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய வரைபடத்தை எடுத்து விரித்தார். அதில் பெண்களுக்கென்று இரண்டு மாடிக் கட்டடம், ஓய்வறை, கண்ணாடி பதித்த கை கழுவும் இடம், வாசலில் பூச்செடி எல்லாம் இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு சார். எப்ப கட்டுவீங்க?" என்றாள் மாமியார்.

"எல்லாம் நடந்துக்கிட்டேதான்மா இருக்கு. மேலிடத்துல சம்மதிச்சாச்சு. அடுத்த வருஷம், இல்லேன்னா அதுக்கடுத்த வருஷம். இதெல்லாம் படிப்படியாத்தானே வரும்?"

"முதல் படி எங்க சார் இருக்கு? அதையாவது காட்டுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

பின்சுவரை ஒட்டி முன்னொரு காலத்தில் ஒரு கழிப்பறை இருந்திருக்கிறது. சுவர் இடிந்து போய்த் தளம் மட்டும் கிடந்தது. மாமியார் செடிகளைக் காலால் ஒதுக்கினாள். குதிகாலால் தளத்தைத் தட்டிப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. பின்னால் இருந்த தொட்டி மூடியை மருமகள் கடப்பாரையால் நெம்பித் தூக்கினாள், அதுவும் நன்றாகவே இருந்தது. மதில் கட்டியபோது மிஞ்சிய செங்கல் ஒரு மூலையில் பாசி பிடித்துக் கிடந்தது. பணிமனைத் தரையைப் பூச வந்த சிமென்டும் மணலும் கொட்டகையில் இருந்தன.

"கல்லு இருக்கு, தொட்டி இருக்கு, தளம் இருக்கு. சுவர்தான் சார் இல்லை."

"கட்ட ஆள் வேணுமேம்மா."

"நான் கட்டறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மருமகள் திரும்பி அவளைப் பார்த்தாள். மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "நான் கட்டுன்னு சொல்லலை. கட்டாதேன்னும் சொல்லலை" என்றார். அவர்கள் இருவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் மேஸ்திரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது.

"ஒரு மாசம் பொறு. இந்த மாடி வீட்டை முடிச்சுட்டு நானே வந்து கட்டித் தரேன்."

"ஒரு மாசம் அவ எங்க போவா?"

மேஸ்திரி பேச்சை மாற்றினார். "பாக்கறது வேற, கட்டறது வேற. கல்லு வைக்கறது லேசுன்னு நினைச்சியா?"

"லேசுன்னு யாரு சொன்னா? இத்தனை வருஷம் நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா சுமந்தேன்?"

"என் கரண்டி கிடைக்காது, சொல்லிட்டேன்."

"வேண்டாம்."

மறுநாள் கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கரண்டி வாங்கினாள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, காய் பொறுக்குவதுபோல் பொறுக்கி, கைக்கு இதமான ஒன்றைத் தேர்ந்தாள். வேலையிடத்தில் லீவு சொன்னபோது, அவளோடு சுமக்கிற இரண்டு பெண்களும் விஷயத்தைக் கேட்டார்கள். ஒருத்தி ஒடிசலாக உயரமாக இருப்பாள், பெயர் ஏணி. இன்னொருத்தி காலையில் வந்ததிலிருந்தே டீ எப்போது வரும் என்று கேட்பாள், அதனால் பத்துமணி.

"நீ மட்டும் போய்க் கட்டுவே, நாங்க இங்க நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்றாள் ஏணி. "நாங்களும் லீவு."

"அங்க டீ உண்டா?" என்றாள் பத்துமணி.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. கரண்டியில் அள்ளிய கலவை கல்லில் விழாமல் காலில் விழுந்தது. கல்லைத் தட்டினால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பியது. பேருந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். "அக்கா, கேக்குக்கு கிரீம் தடவற மாதிரி இருக்கு" என்றான் ஒரு டிரைவர்.

"இரு, முடிஞ்சதும் உனக்கு ஒரு துண்டு வெட்டித் தரேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

சுவர் முழங்கால் உயரம் வந்தது. பின்னால் நகர்ந்து நின்று ஒரு கண்ணைச் சுருக்கினாள். ஏணி வேறெங்கோ பார்த்தாள். பத்துமணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கடி."

"நாங்க என்னத்தைச் சொல்ல? உனக்கே தெரியுதே."

சுவர் உள்பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது, அசதியில் உட்காரப் போகிற ஆள் மாதிரி. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் அவள் கரண்டியின் கைப்பிடியால் தட்டித் தட்டி அத்தனை கல்லையும் கழற்றினாள். கழற்றக் கழற்ற ஏணி கலவையைச் சுரண்டி அடுக்கினாள். டீ குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கலவையில் தண்ணீரைக் குறைத்தாள். நூலை இழுத்துக் கட்டினாள். அவசரப்படாமல் ஒவ்வொரு கல்லாக வைத்தாள். பொழுது சாயும்போது அதே முழங்கால் உயரம்தான் வந்திருந்தது. ஆனால் நேராக நின்றது.

அதற்கடுத்த நாள் கை பழகிவிட்டது. மணிக்கட்டை எங்கே திருப்பினால் கலவை கல் முழுக்கப் படியும் என்பது திடீரென்று ஒரு நொடியில் பிடிபட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தனக்குள் மெதுவாகச் சிரித்துக்கொண்டாள். சுவர் இடுப்பைத் தாண்டித் தோளுக்கு வந்தது, அப்புறம் சாரம் கட்டி ஏறித் தலைக்கு மேலே கொண்டுபோனாள். மருமகள் பஸ்ஸுக்கு அடியிலிருந்து அடிக்கடி தலையை நீட்டி, "அத்தை, இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்து சேர்ந்தார். முகம் வானத்தைவிடக் கறுத்திருந்தது.

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க எல்லாரும்? அங்க மூணு மேஸ்திரிங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். கலவை கலக்க ஆள் இல்லை, கல்லு எடுத்துத் தர ஆள் இல்லை. மாடி வீட்டு முதலாளி வந்து நிக்கறாரு. நேத்துலேருந்து ஒரு வரிசை ஏறலை."

"ஏன், நீங்களே கலந்துக்கறதுதானே?" என்றாள் ஏணி.

"கலந்தோம்" என்றார் மேஸ்திரி. கொஞ்சம் நிறுத்தி, "சரியா வரலை" என்றார்.

பத்துமணி சிரிப்பை அடக்க மணல் குவியலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். எட்ட நின்று பார்த்தார், கிட்ட வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மூலையில் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. சுவருக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி கூடாமல் குறையாமல் நின்றது. அடுத்த மூலைக்குப் போனார். அங்கேயும் அப்படியே. நாலு மூலையும் பார்த்து முடித்துவிட்டுக் குண்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் சாரத்தின் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றது. எத்தனையோ பேர் வேடிக்கை பார்த்தபோது நிற்காத கரண்டி.

"மழை வரும் போல இருக்கு" என்றார் அவர்.

"ஆமா. இன்னும் ரெண்டு வரிசை ஏத்திட்டா மூடிடலாம். கலவை தீந்துபோச்சு."

"சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வந்துடுவோம் மேஸ்திரி" என்றாள் ஏணி. "இன்னும் ஒரு ஆள் சுமந்தா இன்னிக்கே முடிஞ்சிரும். உங்களுக்குத்தான் லாபம்."

மேஸ்திரி நாலாபக்கமும் பார்த்தார். சுமக்க வேறு யாரும் தென்படவில்லை. பேருந்துக்காரர்கள்கூட மழைக்குப் பயந்து உள்ளே போய்விட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டியை எடுத்து அப்படியே தலையில் வைக்கப் போனார்.

"மாமா, இருங்க இருங்க." மருமகள் ஓடி வந்தாள். கை துடைக்கிற துணியை முறுக்கி வளையமாகச் சுற்றிச் சும்மாடு செய்து அவர் தலையில் வைத்தாள். ஏணி சட்டியைத் தூக்கிவிட்டாள். மேஸ்திரி இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சாமான் சுமப்பவர் மாதிரி நடந்தார். அப்படியும் ஒரு கை அளவு கலவை தோளில் வழிந்தது.

"என்னடி இவ்வளவு கனம்? ஏதாவது இரும்பு கிரும்பு போட்டு வச்சிருக்கீங்களா?"

"அரைச் சட்டிதான் மேஸ்திரி போட்டிருக்கு" என்றாள் ஏணி. "புது ஆளாச்சேன்னு."

சாரத்தின் மேலிருந்தவள் சிரிக்காமல் குனிந்து சட்டியை வாங்கினாள். அவருக்குக் கோபம் வந்தால் போய்விடுவார், கடைசி வரிசை நின்றுபோகும் என்ற பயம். ஆனால் அவர் போகவில்லை. அடுத்த நடைக்குத் திரும்பினார். கழுத்தை ஒருதரம் இப்படியும் அப்படியும் ஒடித்துவிட்டுக்கொண்டார்.

கடைசிக் கல்லை வைத்து முடிக்கவும் பெரிய பெரிய துளிகளாக விழவும் சரியாக இருந்தது. பேருந்துக்கு மூடும் தார்ப்பாயை இழுத்து வந்து சுவரின் மேல் போர்த்தினார்கள். எல்லாரும் ஓடிப்போய் ஓடாத ஒரு பழைய பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். மருமகள் ரொட்டியும் பொரித்த மீனும் வாங்கி வைத்திருந்தாள். ஜன்னலில் மழை அடித்தது. ஈர மண்ணும் சிமென்டும் கலந்த வாசம் உள்ளே வந்தது.

மேஸ்திரி அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு இப்படி வலிக்குமா?"

"எப்ப?"

"தினமும்தான்."

"வலிக்கும்."

"சொன்னதே இல்லையே."

"நீங்களும் கேட்டதில்லை." கோபமில்லாமல்தான் சொன்னாள். மீனை முள் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பினார். "மூலை நேரா கட்டக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார். "முதல் மூலை கட்டினப்ப எங்க மேஸ்திரி உதைச்சே தள்ளிட்டாரு." அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதாதுதான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பூச்சு வேலை முடிய இன்னும் சில நாள் ஆனது. அந்த நாட்களில் மேஸ்திரி தன் ஆட்களிடமும் மாடி வீட்டு முதலாளியிடமும் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தார். பேருந்துக்கு உடம்பு கட்டுகிற தகரவேலைக்காரர், கழித்துப்போட்ட வண்டி ஒன்றிலிருந்து தகட்டை வெட்டிக் கூரையும் கதவும் செய்து கொடுத்தார். மருமகள் தாழ்ப்பாளைத் தானே பொருத்தினாள். உள்ளேயிருந்து இருபது தரம் போட்டுப் போட்டுப் பார்த்தாள். கேலி செய்த டிரைவர் குழாய் இழுத்துக் கொடுத்தான்.

மேனேஜருக்கு இப்போது பெருமை தாங்கவில்லை. சிவப்பு நாடா கட்டி, தட்டில் கத்தரிக்கோல் வைத்து, பேசுவதற்கு நாலு வரி தயார் பண்ணிக்கொண்டு வந்தார். பணிமனையே கூடி நின்றது.

"சமத்துவம் என்பது ஒரு நாளில் வந்துவிடுவது அல்ல" என்று அவர் தொடங்கினார். "அது மெல்ல மெல்ல—"

மருமகள் அன்று காலையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்திருந்தாள். "சார், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. மேனேஜர் கத்தரிக்கோலும் கையுமாக நின்றார். முதலில் பத்துமணி சிரித்தாள். அப்புறம் கூட்டம் முழுக்கச் சிரித்தது, மேனேஜரும் சேர்ந்துதான். உள்ளே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு, கதவு திறந்ததும், யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

"மீதியைச் சொல்லுங்க சார்" என்றாள் மருமகள், கையைத் துடைத்துக்கொண்டே.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்றார் அவர். நாடாவை வெட்டிவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

நின்றுபோன மூன்று பேரில் இருவர் அந்த மாதமே திரும்பி வந்தார்கள். மூன்றாமவள் வேறு வேலையில் சேர்ந்திருந்தாள், ஆனால் தன் தங்கையை அனுப்பினாள்.

மாடி வீட்டு வேலைக்கு அவள் திரும்பியபோது, மேஸ்திரி சாரத்தில் தன் பக்கத்தில் அவள் கல் வைக்க இன்னொரு நூல் இழுத்துக் கட்டியிருந்தார். மற்ற இரண்டு மேஸ்திரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கூலி விஷயத்தில் மாடி வீட்டு முதலாளியோடு இன்னும் இழுபறிதான். மேஸ்திரிக்குக் கொடுப்பதைத்தான் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஏணி மதிய ஓய்வில் அவளுடைய கரண்டியை வாங்கி உடைந்த கல்லில் பழகிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விடுமுறை நாள் காலை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். மேஸ்திரி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கைபேசி அடித்தது. பக்கத்து ஊர்ப் பணிமனையிலிருந்து ஒருவர் பேசினார். அங்கேயும் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம், அங்கேயும் கழிப்பறை இல்லையாம்.

"மேஸ்திரி இருக்காரா?" என்று கேட்டார் அவர்.

மேஸ்திரி அடுப்பைத் தணித்தார். "இருக்காங்க. இருங்க, குடுக்கறேன்" என்று வாசலுக்கு வந்து கைபேசியை அவளிடம் நீட்டினார்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்... ஆமா, நான்தான்... எத்தனை பொண்ணுங்க வராங்க?... சரி. ரெண்டு கட்டணும் அப்ப." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷமா? அதுவரைக்கும் அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்? திங்கக்கிழமை கல்லை இறக்கி வைங்க சார். நாங்க வந்துடறோம்."